எங்கள் கட்டடத்து வோட்டுகள்

பிடிக்காத இரண்டு பேரில் ஒருவரைத் தெரிவு செய்யச் சொன்னால் பேசாமல் வீட்டில் இருந்துவிட வேண்டும் என்று என் மகள் சொன்னாள். பதினேழு வயது. பிரெஞ்சில்தான் சொன்னாள், கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். எனக்குக் கோபம் வந்தால் தமிழைத் தவிர வேறொன்றும் வராது. "வீட்டிலை இருக்கலாம்தான், இருக்கிறதுக்கு வீடு வேணுமே" என்றேன். அவள் காதுக்குள் இரண்டு வெள்ளைக் குமிழைச் செருகிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வீடுதான் பிரச்சினை. லா ஷப்பல் மெத்ரோவில் இருந்து ஐந்து நிமிட நடை. நாலாம் மாடி, இரண்டு அறை, லிஃப்ட் கிடையாது. பதினாறு வருடமாக அதில் இருந்தோம். சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. படிக்கட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. நிலத்தில் ஒரு வெங்காயம் விழுந்தால் அது தானாக உருண்டு குசினி மூலைக்குப் போய் நிற்கும். அந்தக் கட்டடத்தை மெரி, அதாவது நகரசபை, வாங்கித் திருத்தப் போவதாகக் கடிதம் வந்தது. திருத்தட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், குடியிருப்பவர்களைப் பாரிசிலோ அதன் சுற்றுப்புறத்திலோ வேறு வீடுகளுக்கு மாற்றுவோம் என்று எழுதியிருந்தார்கள். வேலை முடிந்த பிறகு நாங்கள் திரும்பி வரலாமா என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சுற்றுப்புறம் என்றால் எது? வில்லியே லே பெல்லும் சுற்றுப்புறம்தான். அங்கிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் ஒரு பலசரக்குக் கடையில் எனக்குக் காசாளர் வேலை. என் கணவர் அதே தெருவில் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் நிற்கிறார். அவருக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வர முடிகிறது என்பதால்தான் அவர் இன்னும் வேலையில் இருக்கிறார். எங்களை அந்த இடத்தில் இருந்து பெயர்த்தால் அவருடைய வேலையும் போகும். இது எனக்குக் கணக்குப் பார்க்காமலே தெரிந்திருந்தது. மூன்று கிழமையாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் நின்றால் வீட்டுக்குப் போக வேண்டும் போல, வீட்டுக்கு வந்தால் தெருவில் இறங்க வேண்டும் போல.

அடுத்த வசந்தத்தில் நகரசபைத் தேர்தல். எங்கள் வட்டாரத்தில் எந்தக் கட்சி வெல்லும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே அந்தக் கட்சியின் பட்டியலுக்கு யார் தலைமை தாங்குவது என்பதுதான் உண்மையான போட்டி. அதைத் தீர்க்க ஒரு பிரிமேர் வைத்தார்கள், தேர்தலுக்கு முந்திய தேர்தல். இந்த வட்டாரத்தில் குடியிருப்பதாகக் கரண்ட் பில்லைக் காட்டி, கட்சியின் கொள்கைத் தாள் ஒன்றில் கையெழுத்து வைத்தால் யாரும் வோட்டுப் போடலாம். பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை என்றார்கள். எங்கள் கட்டடத்தில் குடியுரிமை இல்லாதவர்கள் எட்டுப் பேர். என் கணவரும் அதில் ஒருவர். மொழிச் சோதனையில் இரண்டு தரம் விழுந்து மூன்றாம் தரம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

போட்டியில் நின்றது இரண்டு பேர். முதலாமவர் துணை மேர், அதாவது நகரசபையின் துணைத் தலைவர். தேர்த் திருவிழாவில் நெற்றியில் திருநீறு பூசி, தோளில் சால்வையோடு கமராவுக்கு முன்னால் ஒரு வடையைக் கடித்து, "வணக்கம்" என்று சொல்லத் தெரிந்தவர். கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குவார். எங்கள் கட்டடத்து விஷயத்தை நான் அவரிடம் மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். மூன்று தரமும் என் பெயரைப் புதிதாகக் கேட்டார். மூன்று தரமும், நான் பார்த்துக்கொள்கிறேன் மடாம், என்றார். கடைசித் தரம் கடைக்கே வந்தபோது கடிதங்களின் கொப்பி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கையில் கொடுத்தேன். முதலாளி ஒரு முறுக்குப் பக்கற்றைக் கொடுத்தார். துணை மேர் போன பிறகு பார்த்தால் கோப்பு முருங்கைக்காய்ப் பெட்டிக்கு மேலே கிடக்கிறது. முறுக்கைக் காணவில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அன்று யார் மீதிக்காசு கேட்டாலும் கடித்துக் குதறினேன்.

மற்றவரை நாங்கள் கடையில் சைக்கிள் மடாம் என்போம். ஆறு வருடத்துக்கு முன் பக்கத்துத் தெருவில் திருத்திய வீடு ஒன்றை வாங்கி வந்தவர். முன்னால் ஒரு பெட்டி வைத்த சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். ஒரு தெருவில் எத்தனை சேலைக்கடை வேண்டும், பேக்கரியில் ஒரு பாண் வாங்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார். சமையல் மணம் தன் பிள்ளைகளின் உடுப்பில் ஏறுகிறது என்று கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். அந்த முறைப்பாட்டால் என் கணவர் வேலை செய்கிற ரெஸ்ரோரன்ற் புகைக்குழாயை மாற்றும் வரைக்கும் பூட்டிக் கிடந்தது. என் கணவர் அந்த நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் சட்டைக் கையை மணந்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் கண்டேன். அவர் நான் கண்டதைக் காணவில்லை.

இந்த இரண்டு பேரில் ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும்.

பிரிமேருக்கு எட்டு நாள் முந்திய சனிக்கிழமை சைக்கிள் மடாம் துண்டுப் பிரசுரங்களோடு கடைக்குள் வந்தார். வந்ததற்காக ஒரு கட்டு மல்லித்தழையும் எடுத்தார். சனிக்கிழமை என்றால் எங்கள் கடையில் மூச்சு விட இடமிருக்காது. அவருக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்க்காமல் நான் அவரிடம் நேரே கேட்டேன்: எங்கள் கட்டடத்து ஆட்கள் வேலை முடிந்த பிறகு அதே விலாசத்துக்குத் திரும்பி வருவார்களா, மாட்டார்களா? அவர் முகம் மலர்ந்தது. துணை மேரின் திட்டத்தில் அது இல்லை என்பது அவருக்குத் தெரியும். கட்டாயம் வருவார்கள், தான் வந்தால் அது உரிமை, என்றார். எழுதித் தாருங்கள் என்றேன். ஒரு நொடி யோசித்தார். பிறகு என் பேனையை வாங்கித் தன் பிரசுரத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வைத்துத் தேதியும் போட்டார். பேனையை வாங்கும்போது என் விரல் படாமல் வாங்கினார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. இந்த மனுசியைப் பிடிக்காமல் இருக்க எனக்கு இன்னும் காரணம் வேண்டியிருந்தது போலும்.

வீட்டில் அந்தத் தாளை என் கணவருக்கு முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார், கழற்றினார்.

"இவளுக்கோ போடச் சொல்லுறீர்?"

"வேறை ஆருக்குப் போடுறது? அவர் எழுதித் தந்தவரோ?"

"அவர் பொய்யெண்டாலும் கும்பிட்டுச் சொல்லுறார். இவள் எங்களை நாறுது எண்டவள்."

"இஞ்சேருங்கோ, அவள் நாறுது எண்டு சொல்லட்டும். நாங்கள் இஞ்சையே இருந்து நாறுவம்."

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், எனக்கே அது பிடிக்கவில்லை. கடைசியில், "சரி, நீர் சொன்னால் சரி" என்றார். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் எப்போது உண்மையாகச் சொல்வார், எப்போது வாயை மூடுவதற்காகச் சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கிழமை முழுக்கப் படி ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். முதலாம் மாடியில் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா தனியாக இருந்தார். ஹோட்டல் ஒன்றில் கட்டில் விரிக்கிற வேலை. ஞாயிறு பூசைக்கு நானும் அவரும் ஒன்றாகத்தான் போவோம். "வோட்டோ" என்று கேட்டுவிட்டு அவர் கதவை முழுதாகத் திறந்தார். "நான் கடைசியா மன்னாரிலை போட்டது, பிள்ளை. இஞ்சை என்னையும் ஆரும் கேப்பினம் எண்டு நான் நினைக்கேல்லை." பிறகு விரலை நீட்டிக் கேட்டார்: "இஞ்சையும் மை பூசுவினமோ?"

"இல்லை அக்கா, இஞ்சை ஒண்டும் பூசமாட்டினம்" என்று சிரித்துக்கொண்டு அடுத்த மாடிக்கு ஓடினேன். அந்தக் கேள்வியில் நின்று யோசித்திருக்க வேண்டியது என் வேலை. எனக்கு நிற்க எங்கே நேரம்?

சனி மாலை எட்டுப் பேரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துத் தேத்தண்ணி கொடுத்துப் பாடம் நடத்தினேன். நான் குடியுரிமை எடுத்து நாலு தரம் வோட்டுப் போட்டவள், பெரிய மனுசி. இரண்டு தாளில் இரண்டு பெயரையும் எழுதி, ஒரு கடித உறையை வைத்துச் செய்து காட்டினேன். "ரெண்டு பேப்பரையும் எடுக்க வேணும். ஒண்டை மட்டும் எடுத்தால் ஆருக்குப் போடுறியள் எண்டு தெரிஞ்சிடும். மறைப்புச் சீலைக்குப் பின்னாலை போய் மடாமின்ரை பேப்பரை உறைக்குள்ளை வையுங்கோ. மற்றதைக் கசக்கிக் கூடைக்குள்ளை போடுங்கோ. ஒட்டக் கூடாது. கதைக்கக் கூடாது." எல்லாரையும் ஒரு தரம் செய்ய வைத்தேன். எல்லாரும் வடிவாகச் செய்தார்கள்.

கொள்கைத் தாளில் கையெழுத்து வைக்கிற இடத்தில் நூலில் கட்டிய ஒரு பேனைக்கு வரிசை நிற்க வேண்டி வரும் என்று எனக்கு யோசனை. அதனால் கடை புதுவருடத்துக்குக் கொடுக்கிற பேனையில் எட்டைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று அன்று நிம்மதியாக இருந்தது. மூன்று கிழமையில் அந்த ஓர் இரவுதான் நித்திரை கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் ஒன்றாகப் போனோம். ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபம். அக்கா பூசைக்குக் கட்டிய சேலையோடு, மேலே குளிருக்கு ஜக்கற் போட்டுக்கொண்டு நின்றார். என் கணவர் தலையை நனைத்துச் சீவியிருந்தார். கையெழுத்து வைத்தார்கள், உறை எடுத்தார்கள், இரண்டு தாளும் எடுத்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சீலைக்குப் பின்னால் போனார்கள். அக்கா உள்ளே கொஞ்சம் கூட நேரம் நின்றார். நான் கதவோரம் நின்று அந்தச் சீலைக்குக் கீழே தெரிந்த அவருடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து உறையைப் பெட்டிக்குள் போட்டதும், பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர், வோட்டுப் போட்டாயிற்று, என்று சத்தமாகச் சொன்னார். அது இங்கே வழக்கம். அக்கா தன்னைப் பாராட்டியதாக நினைத்து அவருக்குத் தலை குனிந்து நன்றி சொன்னார். வரும் வழியில் எட்டுப் பேரும் கலியாண வீட்டுக்குப் போய்வந்தவர்கள் மாதிரிச் சத்தமாகக் கதைத்தார்கள்.

நான் வீட்டில் இருக்க முடியாமல் பின்னேரம் திரும்பிப் போனேன். எண்ணுவதற்கு உதவி செய்ய யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள், யாரும் சேரலாம். கையைத் தூக்கினேன். ஒரு மேசைக்கு நாலு பேர். நான் உறையைத் திறந்து தாளை எடுத்துக் கொடுக்க, பக்கத்தில் இருந்த பெண் பெயரை வாசிப்பாள், எதிரே இரண்டு பேர் கோடு போடுவார்கள். மடாம், முசியே, முசியே, மடாம். முசியே என்றால் துணை மேர். சரிக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

பதினைந்தாவதோ இருபதாவதோ உறையைத் திறந்தேன். சைக்கிள் மடாமின் பெயர். பெயருக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு புள்ளடி.

ஊரில் வோட்டுப் போடுவதென்றால் புள்ளடி போடுவதுதான். தாளில் எல்லாப் பெயரும் இருக்கும். நமக்கு வேண்டியதற்கு நேரே இரண்டு கோட்டைக் குறுக்காகப் போட வேண்டும், போடாவிட்டால் அது வெறும் தாள். இங்கே தாளில் ஒரு பெயர்தான். அதில் ஒரு புள்ளி வைத்தாலும் செல்லாது. "நுல்" என்றான் எதிரே இருந்த கண்ணாடிக்காரப் பெடியன், தாளைத் தனியே வைத்துக்கொண்டு. செல்லாத வோட்டு.

நான் எழும்பி நின்று சண்டை பிடித்தேன். பெயர் தெளிவாக இருக்கிறது, யாருக்கு என்று குழந்தைக்கும் விளங்கும், என்றேன். அவன் மரியாதையாகச் சுவரைக் காட்டினான். அங்கே விதி ஒட்டியிருந்தது. எனக்கு அந்த விதி தெரியும். நாலு தரம் வோட்டுப் போட்டவளுக்குத் தெரியாதா? தெரிந்ததைச் சொல்லவில்லை. சொல்லாததோடு விடாமல் ஆளுக்கொரு பேனையையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சீலைக்குப் பின்னால் பேனை வைப்பதில்லை, நான் கொடுத்திராவிட்டால் அவர்களிடம் புள்ளடி போட ஒன்றும் இருந்திருக்காது. திரும்ப உட்கார்ந்து அடுத்த உறையைத் திறந்தேன்.

கடைசியில் மூன்று மேசையின் செல்லாத தாள்களையும் ஒன்றாக வைத்தார்கள். எட்டுத் தாள். எட்டிலும் புள்ளடி. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, ஒன்று தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. ஏழு மடாமின் தாள். ஒன்று முசியேயின் தாள். துணை மேர் ஐந்து வோட்டால் வென்றிருந்தார். எட்டும் செல்லியிருந்தால், ஏழில் அவருடைய ஒன்று போனாலும் ஆறு. நாங்கள் ஒரு வோட்டால் வென்றிருப்போம். கூட்டிக் கழிக்க எனக்கு மெஷின் தேவைப்படவில்லை. வெளியே போகும்போது துணை மேர் வாசலில் நின்று என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். வந்ததற்கு நன்றி மடாம், உங்கள் பெயர் என்ன, என்று கேட்டார். நான் கையை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் கட்டடத்துப் படியில் அக்கா காத்துக்கொண்டு நின்றார். "என்னெண்டு, பிள்ளை?"

"தோத்திட்டம் அக்கா."

"எத்தினையாலை?"

"கொஞ்சத்தாலை."

அவரைத் தாண்டிப் படி ஏறினேன். நாலாம் மாடியில் என் கணவர் கட்டிலில் முழங்காலை நீட்டிக்கொண்டு இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சுவரைப் பார்த்தார்.

"நான் அவளுக்குப் போடேல்லை" என்றார். "போடத்தான் போனனான். சீலைக்குப் பின்னாலை நிண்டு அந்தப் பேரைப் பார்த்தவுடனை என்னாலை ஏலாமல் போட்டுது. மற்றவருக்குப் போட்டிட்டன். என்னாலைதான் தோத்ததோ?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். நான் குசினிக்குப் போய்ப் பானையைக் கழுவினேன். இரண்டு நாள் அவர் அந்தக் குற்றத்தைச் சுமந்துகொண்டு திரிந்தார். நான் திரிய விட்டேன். வேறு ஒருவர் குற்றவாளியாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. மூன்றாம் நாள், "ஒரு வோட்டாலை ஒண்டும் மாறேல்லை, விடுங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவர் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். புள்ளடியைப் பற்றி அவருக்கும் சொல்லவில்லை, மற்ற ஏழு பேருக்கும் சொல்லவில்லை. அவர்கள் மனம் நோகும் என்பதற்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். எனக்குப் பயம். இவ்வளவு படி ஏறி இறங்கி, இவ்வளவு அதிகாரம் பண்ணி, கடைசியில் கெடுத்தது நான்தான் என்று அந்தப் படிக்கட்டில் ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற தைரியம் எனக்கு இருக்கவில்லை.

வசந்தத்தில் துணை மேர் மேர் ஆனார். கோடைக்கு முன்பு கடிதங்கள் வந்தன. எங்களுக்கு வில்லியே லே பெல், அக்காவுக்கு வேறு ஒரு புறநகர், பொபினி. திரும்பி வருவதைப் பற்றி, அப்போதைய நிலைமையைப் பொறுத்து, என்று ஒரு வரி இந்தத் தரம் இருந்தது. என் கணவர் ஒரு மாதம் பஸ்ஸும் ரயிலுமாக வேலைக்குப் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னார். ஒரு மாதம் என்று அவர் ஏன் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

எங்களுக்கு முன்னால் அக்காதான் போனார். சாமான் அதிகம் இல்லை. மாதா சொரூபத்தைத் துவாயில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு வாடகைக்கு எடுத்த வானின் முன் இருக்கையில் இருந்தார். நான் கதவைச் சாத்தப் போக, கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிள்ளை, உனக்கு மட்டும் சொல்லுறன். அண்டைக்கு ஆரோ மாறிப் போட்டிட்டினம் எண்டு கதைக்கினம். நான் மாறிப் போடேல்லை. நீ சொன்னபடி மடாமுக்குத்தான் போட்டனான். அழியக்கூடாதெண்டு நல்லா அழுத்திப் போட்டனான்."

"தெரியும் அக்கா" என்றேன்.

அவர் என் கன்னத்தில் கையை வைத்தார். "நீ கவலைப்படாதை. எங்களுக்காக நீ எவ்வளவு ஓடினனி" என்றார். டிரைவர் நேரமாகிறது என்றார். நான் கதவைச் சாத்தினேன்.